குழந்தைக்கென்று ஒரு குழாய்

பூசணி நேற்றிலிருந்து குடித்துக்கொண்டே இருந்தாள். பாட்டில் காலியானால் அழுகை. நிரப்பிக் கொடுத்தால் அதையும் உறிஞ்சித் தீர்த்துவிட்டு மறுபடி அழுகை. மூன்று மாதக் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தவள் அக்கா. பிரசவத்தில் தம்பி மனைவி போய்விட்ட செய்தி கேட்டு பெட்டியோடு ஓடி வந்தவள், இன்னும் திரும்பிப் போகவில்லை.

"நல்ல பசிடா. உன்னை மாதிரி சோத்தை முன்னால வெச்சுக்கிட்டு சுவத்தைப் பாக்கறவ இல்ல என் மருமக."

தம்பி அடுத்த பாட்டிலை எடுத்தான். பால்பவுடரை அளந்து போட்டு, கெட்டிலில் ஆறியிருந்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கினான்.

அடுப்படியில் இரண்டு குழாய்கள். பழையதில் வரும் நகரத்துத் தண்ணீரில் சோப்பு லேசில் நுரைக்காது. வைத்த பாத்திரமெல்லாம் வெள்ளை பூக்கும். வந்த புதிதில் அக்கா கெட்டிலின் அடியை நகத்தால் சுரண்டி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதையா குழந்தைக்குக் குடுக்கறே? அவ வயித்துக்கு என்ன வெள்ளையடிக்கப் போறியா?" கேன் தண்ணீரையும் அவள் நம்பவில்லை. அது பெரியவர்கள் குடிக்கவும் சமைக்கவும் போதுமாம்.

அதனால் போன வாரம் இரண்டாவது குழாய் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, கடினத் தண்ணீரை மென்மையாக்கும் ஒரு சாஃப்ட்னர். அதில் உள்ள பிசின் மணிகள் தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த மணிகளை அவ்வப்போது உப்புக் கரைசல் கழுவும். கழுவிய கரைசல் கழிவுக் குழாய் வழியாக வெளியே போய்விடும். பொருத்த வந்தவர் சொன்னது இவ்வளவுதான். கெட்டில் கண்ணாடிபோல ஆனது. அக்காவுக்குப் பரம திருப்தி. "இந்தக் குழாய் குழந்தைக்கு. பால் கலக்கத் தவிர யார் கையும் படக்கூடாது" என்று சட்டம் போட்டாள். கெட்டிலை நிரப்ப மட்டுமே திறந்தார்கள், ஒருவர் வாயும் அதில் படவில்லை.

பால் விஷயத்தில் ஏற்கனவே ஒரு சட்டம் இருந்தது. ஆரம்பத்தில் அவன் சூடு பார்க்க ஒரு சொட்டு உறிஞ்சியபோது, அக்கா அவன் கையில் பட்டென்று அடித்தாள். "வாய் வெக்காதே. கிருமி ஒட்டும்னு ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது மறந்துபோச்சா?" அன்றிலிருந்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பான், துண்டில் துடைத்துவிடுவான்.

மதியம் குழந்தைக்கு உடம்பு சுட்டது. தெருமுனை டாக்டர் சளிக்காய்ச்சல் என்றார். "பால் நிறையக் குடுங்க. நீர்ச்சத்து குறையக்கூடாது." கொடுத்தார்கள்.

சாயங்காலம் அழுகை நின்றது.

"அப்பாடா, தூங்கிட்டா" என்றாள் அக்கா.

அவன் குனிந்து பார்த்தான். கண் பாதி திறந்திருந்தது. ஒரு கை தானாக வெட்டி இழுத்தது. விரலை உள்ளங்கையில் வைத்தான், அவள் பிடிக்கவில்லை.

"இது தூக்கம் இல்ல அக்கா."

"வாயில சனியனை வெச்சுக்கிட்டுப் பேசாதே. இன்னொரு பாட்டில் குடிச்சா தெம்பு வந்துடும். முகத்தைக் கழுவிட்டு வா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே."

பாட்டிலைக் கலந்து அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனான். பழைய குழாயடியில் பாத்திரம் குவிந்து கிடந்தது. சட்டத்தை மீறிப் புதுக் குழாயைத் திறந்து தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான்.

உதட்டில் உப்புக் கரித்தது.

அழுகிறோம் போலிருக்கிறது என்று நினைத்தான். மனைவி போன நாளிலிருந்து வராத அழுகை. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணைத் தொட்டான். காய்ந்திருந்தது. குழாய்க்குக் கீழே உள்ளங்கையைக் குவித்து ஒரு வாய் குடித்தான். கடல்தண்ணீர் மாதிரி கரித்தது.

"அக்கா, குடுக்காதே!"

அவன் ஓடியபோது காம்பு குழந்தையின் வாயில் இருந்தது. பிடுங்கினான்.

"பைத்தியமாடா உனக்கு?"

"குடிச்சுப் பாரு."

"குழந்தை பாலையா?"

"குடி அக்கா."

அவள் நுனி நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் படியிறங்கினாள். அவன் குழாய்த் தண்ணீரை ஒரு புட்டியில் பிடிக்கக் குனிந்தபோது தொட்டிக்குக் கீழே பார்த்தான். நிரம்பி வழிந்த பெரிய குப்பைத்தொட்டி, கழிவுக் குழாயின் மேல் அழுந்தி உட்கார்ந்திருந்தது. கழுவிய உப்புக் கரைசல் வெளியே போக வழியில்லாமல் குழாய்த் தண்ணீரிலேயே கலந்திருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா புட்டியை வாங்கிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் அவர் நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"உப்பு ரொம்ப ஏறியிருக்கு. தாகத்துக்கு அழுதிருக்கா, நீங்க பசின்னு நினைச்சிருக்கீங்க."

"உடனே இறக்கிடலாம்ல?" என்றாள் அக்கா.

"உடனே இறக்கினா மூளை வீங்கிடும். சொட்டுச் சொட்டாத்தான் இறக்கணும். காத்திருங்க. காலையிலதான் ஏதாவது சொல்ல முடியும்."

காத்திருந்தார்கள். இதே பெஞ்சு இல்லை, ஆனால் இதே மாதிரி பெஞ்சில் மனைவியின் பிரசவத்தன்றும் அவன் காத்திருந்திருக்கிறான்.

"அந்த மெஷின் ஏன்டா அப்படிப் பண்ணுச்சு?"

"கழிவுக் குழாய் நசுங்கியிருந்தது."

"எது நசுக்குச்சு?"

அவன் சுவரைப் பார்த்தான். "குப்பைத்தொட்டி."

அக்கா குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். "முந்தாநாள் நான் அங்க வெச்சது" என்றாள்.

"மெஷினை வாங்கினவன் நான்."

காலையில் உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. சன்னமாகத் தொடங்கி வார்டையே எழுப்பியது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "உப்பு இறங்கிட்டு வருது. இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். இது பசி அழுகைதான், குடுங்க."

நர்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தாள். அக்கா அவன் செய்வதுபோல மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். துடைக்கவில்லை. நக்கிப் பார்த்தாள். அப்புறமும் மனசு ஆறாமல் பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.

"நீயும் பாரு."

அவன் ஒரு வாய் உறிஞ்சினான்.

"எப்படிடா இருக்கு?"

"பால் மாதிரி இருக்கு."

"சார், அதுல வாய் வெக்கக் கூடாது" என்று நர்ஸ் அதட்டினாள்.

"வெப்பான் சிஸ்டர்" என்றாள் அக்கா. "நீங்க வேற பாட்டில் குடுத்தா அதுலயும் வெப்பான்."