நடக்க மாட்டாத மாப்பிள்ளை

கணவரின் காதுக்குள் இன்னும் மணல் இருந்தது. ஈரத் துணியின் நுனியைத் திரிபோல் முறுக்கி அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நாத்தனாரின் குரல் உயர்ந்தது.

"நாயை வெளியில நிறுத்துங்கம்மா! சாவு வீட்டுக்குள்ள நாயைக் கூட்டிட்டு வர்றதாவது!"

"மன்னிச்சுக்கங்க. விடுதி அறையில இதைத் தனியா விட முடியலை. அவர் மனைவியை ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேன்."

வெயிலில் மூக்குத் தோல் உரிந்த ஒரு பெண். விடுமுறைக்கு வந்தவள். பக்கத்தில், முகமெல்லாம் நரைத்த பெரிய நாய் ஒன்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு நின்றது.

நாயோடு வரும் விடுமுறைக்காரர்களை வேனில் கடற்கரைக்கு ஏற்றிப்போய், ஆசைதீர நடக்கவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழில். நேற்று எல்லோரும் பாறைமுனைக்கு அப்பால் நடக்கப் போயிருந்த நேரத்தில், வேன் நிழலில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். 'பக்கத்துல யாருமே இல்லையா?' என்று வந்தவர் போனவரையெல்லாம் அவள் கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. பேச்சுத்துணை இல்லாமல் பல்கூடத் தேய்க்காத மனுஷன். தன்னந்தனியாகவா போனார்? அந்த ஒன்றுதான் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

"உள்ள வாம்மா. அதுவும் வரட்டும்."

"அண்ணி!"

"உங்க அண்ணன் காலம் பூரா நாயோடதான் குப்பை கொட்டினார். நீ சும்மா இரு."

வந்தவள் தலை நிமிராமல் உட்கார்ந்தாள்.

"எல்லாம் என்னாலதாம்மா. இதுக்கு இடுப்பு சரியில்லை, தூரம் நடக்காது. வேனுக்குள்ளயே கட்டிட்டுப் போறேன்னேன். 'என் வண்டியில நாயைப் பூட்டி வைக்கிற வழக்கமில்லை. கயித்தைக் குடுங்க, நடக்க மாட்டாத ஆளுங்கல்லாம் எங்கூட இருக்கட்டும்'னு அவரே தூக்கி இறக்கினார். என்ன கனம் கனக்கும் இது! இதை அவர் தலையில கட்டாம இருந்திருந்தா..."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப, இது அவர் பக்கத்துலயா இருந்துச்சு?"

"கடைசிவரைக்கும். நாங்க திரும்பி வந்தப்போ கயிறு அவர் மணிக்கட்டுல சுத்தியிருந்துச்சு. இது அவர் மடியில தலை வச்சிருந்துச்சு. ரெண்டு பேரும் தூங்கறாங்கன்னுதான் நினைச்சோம்."

"பேசினாரா?"

"பேசாம இருப்பாரா? தொப்பியை மறந்துட்டு நான் பாதி வழியில திரும்பி வந்தேன். இதுகிட்ட என்னமோ சொல்லிட்டிருந்தார்..." அவள் தயங்கினாள்.

"சொல்லும்மா."

"'நமக்கெதுக்கு மாப்ளே நடை? எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. நான் செத்துட்டேன்னு வந்து சொன்னாக்கூட, செருப்பை எங்கே விட்டார்னுதான் கேப்பா'ன்னார்."

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அதையேதானே கேட்டாங்க! அண்ணனைக் கொண்டுவந்து இறக்கினதும் அண்ணி வாயில வந்த முதல் வார்த்தையே அதான்!"

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை வராத அழுகையும் அதன் கையைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தது.

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கறே?" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "துணையில்லாம அனுப்பிட்டேனேன்னு கிடந்து தவிச்சேன். கூட ஆள் இருந்துச்சுன்னு வந்து சொன்னியே. நல்லா இரும்மா."

நாய் அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. இடம் தேடுவதுபோல் நின்றது. பிறகு முனகிக்கொண்டே சரிந்து, அவள் பாதத்தின்மேல் முகவாயை வைத்தது. பெரிய தலை. நல்ல சூடு.

வெளியே வண்டி வந்து நின்றது. ஆட்கள் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. நாத்தனார் குனிந்து அவள் தோளைத் தொட்டாள்.

"எடுக்க வந்துட்டாங்க. எழுந்திருங்க அண்ணி."

கணுக்கால்வரை மரத்துப்போயிருந்தது. அவள் காலை அசைக்கவில்லை.

"மெதுவாப் பேசு," என்றாள். "இப்பதான் கண்ணை மூடுச்சு."