மயில்கொன்றைக்கு அளந்த கயிறு

சாந்திநாத நைனார் நல்ல மனிதர் என்பதில் செஞ்சியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சமணக் குடும்பம்; சதுர்த்தசி நாளில் உயிர்வதை ஆகாதென்று ஒரு கீரையைக்கூடக் கிள்ளமாட்டார். வம்பே அந்த நல்ல பெயரால்தான் வந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பாண்டிச்சேரியிலிருந்து மயில்கொன்றை விதை வாங்கிவந்து, வெந்நீரில் ஊறப்போட்டு முளைக்கவைத்தார். எங்கோ மடகாஸ்கர் தீவில் பிறந்து, வெள்ளைக்காரர்களின் பங்களா வாசல்களில் நின்ற மரம் தம் கொல்லையிலும் பூக்கவேண்டும் என்று அப்படியொரு ஆசை. விதை கொடுத்த தோட்டக்காரன் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னான்: "வேரு மேலாவே ஓடும், செவுத்த பேத்துடும். பதினஞ்சடி தள்ளி வைங்க." நைனார் தம் வீட்டுச் சுவரிலிருந்து கயிறு பிடித்துப் பதினைந்தடி அளந்தார். மறுபக்கம் அடுத்த வீட்டு மாரியம்மாளின் மண்சுவர் மூன்றடியில் இருந்தது. அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் நட்டார்.

ஆறாம் வருஷம் மரம் செக்கச்செவேலென்று பூத்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நைனாருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஐப்பசி மழையில் மாரியம்மாளின் சுவர் விழுந்தது. விடிந்ததும் நைனார் ஓடினார். இடிந்த மண்ணுக்குள்ளிருந்து கை கனத்துக்கு ஒரு வேர் துருத்திக்கொண்டிருந்தது. பானை சட்டியெல்லாம் நனைந்துகொண்டிருக்க, மாரியம்மாள் அந்த வேர்மேல் கிடந்த மண்கட்டிகளை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க நைனாரே. என் செவுரு உங்க மரத்துமேல வுழுந்துட்ச்சி. வேருக்கு இன்னா ஆச்சோ! அரிசி கழுவுற தண்ணியெல்லாம் இதுக்குத்தான் ஊத்தினேன்."

வெட்கத்தில் நைனாருக்குக் காது சுட்டது. "வேராலதான் செவுரு வுழுந்துச்சி, மாரியம்மா. நடும்போதே எனக்குத் தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். "சும்மா இருங்க. சதுர்த்தசியில கீர கிள்ளாத கையி, தெரிஞ்சே என் செவுத்த தள்ளுமா?"

அன்றைக்கும் சதுர்த்தசிதான். நைனார் போய்க் கோடரியோடு வந்தார். முதல் வெட்டு வேரில் விழுந்தது. கொல்லைக் கதவருகே அவர் மனைவி லீலாவதி பதறினாள்: "இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுதா?"

"தெரியுது. அன்னிக்கும் தெரிஞ்சேதான் நட்டேன்."

மாரியம்மாளின் சிரிப்பு நின்றுபோனது. கையிலிருந்த மண்கட்டியைக் கீழே போட்டுவிட்டு, முதல்முறையாக, மரத்திலிருந்து நைனாரின் வீட்டுச் சுவர்வரை கண்ணால் அளந்து பார்த்தாள்.