நாக்கில் வைத்துப் பார்த்த கல்

நிலவியல் படிக்கிறவர்கள் கல்லை நக்கிப் பார்ப்பார்கள். இது வெளியுலகுக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். காய்ந்த கல் தன் முகத்தைக் காட்டாது. ஈரம் பட்டால்தான் உள்ளே இருக்கும் கனிம மணிகளும் நிறமும் துலங்கும். மலையில் கொண்டுபோகிற தண்ணீர் குடிக்கவே காணாது என்பதால், வாயில் இருக்கிற ஈரத்தை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். களியா வண்டலா என்று சந்தேகம் வந்தால் ஒரு துளி கடித்தும் பார்ப்பார்கள். நறநறத்தால் வண்டல், வழவழத்தால் களி.

இந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டதால் அவளுக்கு வீட்டில் ‘மண்ணு’ என்று பேர். வைத்தது அண்ணன். ‘என் தங்கச்சி வாயில மண்ணு’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அம்மா ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் போர்வை மடித்தாள். அப்பாவுக்கு ஒரு பெரிய கட்டடத்தின் லிப்டில் வேலை. நாள் முழுக்க ஏறி இறங்கியும் வாழ்க்கையில் இருந்த மாடியிலேயேதான் இருந்தார். இரண்டு சம்பளமும் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போய்விடும். மண்ணுவின் படிப்பு ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் ஓடியது.

அதை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் மூன்றாம் ஆண்டு கிடையாது. மாமாவின் மூக்குக் கண்ணாடிக் கடையில் பில் போட ஆள் தேவை. அவர் அவளுக்காக ஒரு சுழல் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். நல்ல நாற்காலிதான். அதில் உட்காரத்தான் மண்ணுவுக்கு மனசில்லை.

அறக்கட்டளை தொகையோடு ஒரு வழிகாட்டியையும் தரும். முன்பு அதே தொகையில் படித்து வேலைக்குப் போனவர்கள், பிறகு வரும் மாணவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுக்கு வாய்த்தவர் நிலத்தடி நீர்த் துறைக்காரர், அவளைவிட ஏழெட்டு வயது பெரியவர். மனசுக்குள் அவருக்குக் ‘கைகாட்டி’ என்று பேர் வைத்திருந்தாள். முச்சந்தியில் நிற்கிற கைகாட்டி எல்லாருக்கும் வழி சொல்லும், தான் ஓரடி நகராது. ஆனால் தங்கமான மனிதர். தன் பழைய சுத்தியலை அவளுக்குக் கொடுத்தவர் அவர்தான். பரீட்சைக்கு முந்தின நாள் தவறாமல் போன் செய்து, அவளைவிட அதிகமாகப் பயப்படுவார்.

புதுப்பிப்பு நேர்காணலுக்கு முன் அறக்கட்டளை அலுவலகத்து மாடிப்படியில் நிறுத்தி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“உள்ள மேடம் ஒரு கல்லைக் கையில கொடுப்பாங்க. அவங்க வீட்டுக்காரர் முதல் குவாரி தோண்டினப்ப முதல்ல கிடைச்ச எரிமலைக் கல்லு. பசால்ட். வாங்கு, கண்ணுல ஒத்திக்காத குறையா பாரு, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லு, திருப்பிக் கொடு. முடிஞ்சுது.”

“பசால்ட்தான்னு யார் சொன்னாங்க அண்ணா?”

“எல்லாரும் சொல்லியிருக்கோம். உனக்கென்ன?”

அறைக்குள் மேடம் நடுவில் உட்கார்ந்திருந்தார். கணவருக்குப் பின் அறக்கட்டளையை நடத்துகிறவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கணக்கர், மறுபக்கம் கைகாட்டி. சுவரில் காலமானவர், படத்துக்குள்ளிருந்து எல்லாரையும் நம்புகிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பெண்களைப் பார்த்து மேடம் தலையசைத்தார். பிறகு வெல்வெட் பெட்டியைத் திறந்து கல்லை நீட்டினார். கறுப்பாக, துளைதுளையாக, கைக்கடக்கமான கல்.

மண்ணு வாங்கினாள். வெளிச்சத்தில் திருப்பினாள். அடுத்து நடந்ததற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வருடப் படிப்பு அவளுக்குள் தானாக வேலை செய்துவிட்டது. எச்சிலைக் கூட்டி, கல்லின் ஓரத்தை நன்றாக ஒருமுறை நக்கினாள்.

கணக்கருடைய பேனா நின்றது. மண்ணுவுக்குத் தான் செய்தது உறைத்தபோது கல் ஏற்கெனவே ஈரமாகிவிட்டது. ஈரமான இடத்தில் மணிகளே இல்லை. கண்ணாடி மாதிரி ஒரே பளபளப்பு. ஒரு துளைக்குள் துரு ஏறிய குண்டூசித்தலை அளவு இரும்பு உருண்டை.

“என்ன கல்லு?” என்றார் மேடம்.

கைகாட்டி மேசைக்கடியில் அவள் காலை மிதிக்கப் பார்த்தார். கணக்கர்தான் ‘ஆ’ என்றார்.

பசால்ட் என்று சொல்லியிருக்கலாம். நாலெழுத்து. மூன்றாம் ஆண்டும், அதற்கு மேலும் அந்த நாலெழுத்துக்குள் இருந்தன. ஆனால் பார்த்துவிட்டதைப் பார்க்காத மாதிரி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“இது கல்லு இல்லை மேடம். இரும்பை உருக்கும்போது மேல ஒதுங்குற கசடு. ரோடு போடக் கொட்டுவாங்க.”

“குவாரியில கிடைக்குமா?”

“கிடைக்காது மேடம். ரோட்டோரமா எடுத்திருக்கலாம்.”

மேடம் கல்லை வாங்கி, முந்தானையால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார். “நீங்க போகலாம்” என்றார்.

கைகாட்டி அவளோடு படியிறங்கினார். கடைசிப் படியில் நின்று, “நானும் அதைப் பசால்ட்னுதான் சொன்னேன்” என்றார். “கண்ணால பார்த்தா அச்சு அசல் பசால்ட். எங்க பேட்ச்சுல தங்கப் பதக்கம் வாங்கினவனும் அதையேதான் சொன்னான். ஒருத்தனும் நாக்கை நீட்டலை பாரு.” அவர் குரலில் கோபமா பெருமையா என்று தெரியவில்லை. மண்ணு அழுதாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாமா போன் செய்து, நாற்காலிக்குக் குஷன் உறை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டார்.

வார முடிவில் மேடம் தானே கைகாட்டியைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துவரச் சொன்னார். கைகாட்டி வழியெல்லாம் புத்தி சொன்னார். “உன் ஃபைல்ல அவங்க இன்னும் கையெழுத்துப் போடலை, ஞாபகம் வெச்சுக்கோ. இன்னிக்கு அவங்க எதைக் காட்டி என்ன சொன்னாலும் ‘ஆமாம் மேடம்’. செங்கல்லைக் காட்டி வைரம்னு சொன்னாலும் ஆமாம் மேடம்.”

“சரிண்ணா” என்றாள் மண்ணு. மனசாரத்தான் சொன்னாள்.

கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறையக் கற்கள் இருந்தன. கணவர் போன இடத்திலிருந்தெல்லாம் மனைவிக்குக் கொண்டுவந்தவை. அலுவலகத்தில் ஓர் அறை ஒதுக்கி, பேர் எழுதிக் காட்சிக்கு வைப்பதாக மேடத்துக்கு எண்ணம். கணவர் சொன்ன கதைகளை வைத்துச் சீட்டெல்லாம் எழுதியும் ஆகிவிட்டது. மேசையில் ஒரு கிண்ணம் தண்ணீர் தயாராக இருந்தது.

“நாக்கு வேண்டாம். தொட்டுக்க” என்றார் மேடம்.

எரிமலை வாயில் எடுத்தது என்று சீட்டில் இருந்தது சுட்ட செங்கல்லின் கருகிய துண்டு. பாலைவனத்துக் கல் என்பது ஆற்றுக் கூழாங்கல். மண்ணு முதலிரண்டுக்கு “ஆமாம் மேடம்” என்றுதான் தொடங்கினாள். ஆனால் மேடம் அவள் கண்ணையே பார்த்துக் கேட்டார். “ஆமாம் மேடம், ஆனா…” என்று இழுத்து, மூன்றாவதில் ஆமாமும் போய்விட்டது. கைகாட்டி ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே இல்லாத எதையோ உற்றுப் பார்த்தார். மேடம் ஒவ்வொரு சீட்டாக அடித்துக்கொண்டே வந்தார்.

“எரிமலைக்குப் போன மனுஷன் வெயில்ல கறுத்துக்கூட வரலை. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்” என்றார். “புளுகுறதுக்குக்கூட ஒரு அளவு வேண்டாமா?”

கடைசியில் எழுந்து உள்ளே போனார். கைக்குட்டையில் முடிந்த ஒரு துண்டை எடுத்து வந்து மண்ணுவின் உள்ளங்கையில் வைத்தார். இதற்குச் சீட்டு இல்லை.

“எங்களுக்கு ஒரு பொண்ணு பிறந்தா. ஒரு நாள்கூட இருக்கலை. எனக்கு ஆபரேஷன், எழுந்திரிக்க முடியாது. அடக்கம் பண்ண இவர் கிளம்பினார். என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க, உங்க அண்ணன் பார்த்துக்கட்டும்னு கையைப் பிடிச்சேன். உதறிட்டுப் போனார். சாயங்காலம் வந்து, குழந்தை தலைமாட்டுல கிடந்த கல்லுன்னு இதைக் கொடுத்தார்.” மேடம் காலிக் கைக்குட்டையை மடித்தார். “அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. இதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். சொல்லு.”

தண்ணீர்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு முகம் வழவழவென்று தேய்ந்திருந்தது. சிமெண்டுக்குள் வெள்ளையும் கறுப்பும் பச்சையுமாகச் சில்லுகள். மொசைக் தரையின் உடைந்த மூலை.

ஜன்னல் பக்கமிருந்து கைகாட்டி திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இந்த முறை ஃபைலுக்காக ஆட்டவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. இந்த ஒன்றில் பொய் சொன்னால் பாவம் இல்லை என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் அலமாரியில் இருந்த அத்தனையையும் பொய்யென்று சொல்லிவிட்டு இதை மட்டும் நிஜம் என்றால், கேட்கிறவர் நம்பவா போகிறார்?

“இது தரை, மேடம்” என்றாள். “மொசைக். ஏதோ படிக்கட்டு விளிம்பா இருக்கும். ஆள் நடந்து தேய்ஞ்சிருக்கு.”

மேடம் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தேய்ந்த முகத்தை விரலால் தடவினார்.

“அந்த ஆஸ்பத்திரியில தரையெல்லாம் மொசைக்தான்” என்றார் கடைசியில். “இது அதானான்னு உன்னால சொல்ல முடியுமா?”

“பக்கத்துல வெச்சுப் பார்த்தா சொல்லலாம் மேடம்.”

மேடம் கார் சாவியை எடுத்தார். ஃபைலையும் எடுத்துக்கொண்டார். எதற்கென்று கேட்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

பழைய ஆஸ்பத்திரி. பிரசவ வார்டு முதல் மாடியில் அப்படியே இருந்தது. வார்டுக் கதவுக்கு எதிரே மேல்மாடிக்குப் போகிற படிக்கட்டு. மண்ணு கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து, படியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் துடைத்து, துண்டைப் பக்கத்தில் வைத்தாள். குனிந்து பார்த்தாள். கைகாட்டியும் மண்டியிட்டுப் பார்த்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், காசைத் தொலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போனார்கள்.

“இதேதான்” என்றாள். “அதே பச்சைச் சில்லு, அதே கலவை. எந்தப் படின்னு மட்டும் சொல்ல முடியாது. நிறைய இடத்துல மூலை உடைஞ்சிருக்கு.”

“அது எனக்குத் தெரியும்” என்றார் மேடம். மூன்று படி ஏறி, வார்டுக் கதவு நேராகத் தெரிகிற இடத்தில் நின்றார். “அடக்கத்துக்கு அவர் அண்ணனை அனுப்பிட்டு, போகவே இல்லை மனுஷன். இங்கதான் உட்கார்ந்திருந்திருக்கார். போகவும் முடியலை, உள்ள வந்து என் முகத்தைப் பார்க்கவும் முடியலை.” குரல் உடைந்தது. “விட்டுட்டுப் போயிட்டீங்க, விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டினேனே. ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலுக்குக் கை நீட்டினார். முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, மண்ணுவிடம் கொடுத்தார். மண்ணு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, அழுகைதான் வந்தது.

துடைப்பத்தோடு வந்த ஆஸ்பத்திரிப் பணியாளர் அவர்களைப் பார்த்துக் கத்தினார். “அம்மா, வழியில உட்காராதீங்க. யாரைப் பார்க்கணும்?”

மேடம் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்.

“பார்த்துட்டேன்” என்றார்.