பானோஜி ராவின் இடது புஜம்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எந்தக் குழந்தைக்கு ஊசி குத்தினாலும் வலி டாக்டர் பானோஜி ராவுக்கு எடுக்கும். கோதாவரிக் கழிமுகத்துக் கோனசீமா முழுக்க இன்று தெரிந்த சங்கதி இது. அவர் குத்தினாலும் சரி, நர்ஸ் குத்தினாலும் சரி, குழந்தைக்கு எவ்வளவு வலிக்க வேண்டுமோ அவ்வளவும் அவருடைய இடது புஜத்தில் வந்து இறங்கும்.

செய்த வினை, வேறென்ன? முன்பெல்லாம் அந்த ஆளின் வார்டில் தாய்மார்களை வெளியே தள்ளித் தாழ்போட்டுவிட்டு, நாலு பேர் கைகாலை அமுக்கித்தான் ஊசி. மீன் விற்கும் நூகரத்தினத்தின் மகள் சத்யவேணிக்கு அப்போது இரண்டு வயது. நரம்பு கிடைக்காமல் கண்ட இடத்தில் குத்தினார்கள். "மடியில வச்சுக்கறேன் பாபு, பால் குடிச்சுக்கிட்டே இருக்கட்டும், அழமாட்டா" என்று நூகரத்தினம் கதவைத் தட்டிக் கெஞ்சினாள். "இதென்ன உன் மீன் சந்தையா? வாயை மூடு" என்று உள்ளேயிருந்து ராவ் கத்தினார். குரல் போய் வெளியே வந்த பிள்ளை, அம்மா தொட்டாலே விறைத்தது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரி வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினாள். "இனி இங்க குத்துற ஊசியெல்லாம் உனக்கே வலிக்கட்டும்டா!"

மறுநாள் காலையிலேயே ராவ் துள்ளினார். லீவு போட்டுக் காக்கிநாடாவுக்கு ஓடினார். வலி பஸ் ஏறாமலே அங்கேயும் வந்தது. நல்லா வேணும். பயந்து திமிறும் குழந்தைக்கு வலி அதிகம் என்று படிப்பு சொல்லாததைப் புஜம் சொன்னது. தாய் மடியில் பால் குடிக்கிற குழந்தை என்றால் வெறும் எறும்புக்கடி. தாழ்ப்பாளை அவரே பிடுங்கி எறிந்தார். கைக்குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டார். பெரிய பிள்ளைகளிடம் சோப்புக் குமிழியை நீட்டி, "ஊது கண்ணா, பெரிசா ஊது, உன் கால்ல விழறேன்!" என்று கெஞ்சினார்.

அப்போது விவரம் தெரியாத ஊர், "டாக்டர்னா இவர்தான்யா" என்று மேடை போட்டுச் சால்வை போர்த்தியது. நூகரத்தினத்துக்குப் பற்றி எரிந்தது. பழிவாங்கப் போய்ப் புகழ் வாங்கிக் கொடுத்துவிட்டாளே! மேடையை விட்டு இறங்கிய ராவ் அவளைத் தனியே மறித்தார். "போதும் தாயி, எடுத்துரு. இனிமே பழையபடி நடக்கமாட்டேன்."

"சால்வை நல்லாருக்கு டாக்டர்காரு" என்றாள் அவள். "எடுத்துட்டா ஒரே மாசத்துல புதுத் தாழ்ப்பா போடுவீங்க. என் மக இன்னும் வெள்ளைச் சட்டையைக் கண்டா ஒண்ணுக்குப் போயிடறா. அவ மறக்கற அன்னிக்கு வாங்க, பேசுவோம்."

சத்யவேணி மறக்கவில்லை. இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். இரண்டும் அவள் மடியிலேயே சிரித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டன. ராவ் ரிடையர் ஆகி வெகுகாலம் ஆகிறது. புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால், அன்றைக்கு முடிவெட்டுகிறவர் அவர் முகத்தில் கத்தி வைப்பதில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லிவிடுவார்.