அஞ்சினான் பதக்கம்

கடற்படைத் தளபதியின் நெஞ்சில் வீரப் பதக்கத்தைக் குத்திய நான்காவது நிமிடத்தில் அதிலிருந்து உப்புத் தண்ணீர் வடியத் தொடங்கியது. மணிக்கு அரை வாளி. அவ்வப்போது ஓர் இறால் குஞ்சும் விழுந்தது. ஒலிபெருக்கியில் அவர், "எனக்குக் கடல்னா ஒரு துளி பயம் கிடையாது" என்று முடித்த கையோடு முதல் துளி விழுந்ததாக விழாக் குறிப்பேடு சொல்கிறது. அவர் கடலுக்குள் போனது ஒரே ஒருமுறை. கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் வாந்தி எடுத்துத் திரும்பிவிட்டார். பதக்கக் குழுவின் தலைவருக்கே முதல் பதக்கம் என்ற விதியை எழுதியவர் அவர்தான். சீருடையில் இருக்கும்வரை அதைக் கழற்றக் கூடாது என்ற விதியை எழுதியவரும் அவர்தான்.

பதக்கத்தின் வடிவத்துக்காக ஒன்பது பேர் கொண்ட குழு மூன்று ஆண்டுகள் உட்கார்ந்தது. நங்கூரம் இடப்பக்கம் சாய்வதா வலப்பக்கமா என்பதில் ஓர் ஆண்டு போயிற்று. அலை ஐந்தா ஏழா என்று இருவர் பேச்சையே முறித்துக்கொண்டதால் ஆறு என்று முடிவானது. நாடா எந்த நீலம் என்று தெரிய, கடலைப் பார்த்துவரச் சொல்லி ஓர் எழுத்தரை அனுப்பினார்கள். அன்று மழை மூட்டம், எனவே நாடா சாம்பல் நிறம். பின்பக்கத்துக்கு வாசகமே இல்லை என்பது விழாவுக்கு நான்கு நாள் முன்புதான் உறைத்தது. தளபதி நாணயச்சாலைக்குத் தாமே தொலைபேசியில் சொன்னார்: "கடலுக்கு அஞ்சான்." கேட்டவள் அச்சு செதுக்குபவள், இருபத்திரண்டு வருடமாக எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கிவந்தவள். அஞ்சமாட்டான் என்பதைத்தான் அவர் செந்தமிழில் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பெரிய மனிதர் அவசரத்தில் கொச்சையாகப் பேசுகிறார், அப்படியே பொறித்தால் அவருக்குத்தான் அசிங்கம் என்று நல்ல மனதோடு எழுத்துத் தமிழில் திருத்திவிட்டாள். 'கடலுக்கு அஞ்சினான்' என்று ஏழு பதக்கங்கள் அடிக்கப்பட்டன.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அச்சை உடைப்பது, அவளை வேலையைவிட்டு நீக்குவது என்று விசாரணைக்கு முன்பே முடிவாகி, கடிதம் தட்டச்சாகி, தளபதியின் கையெழுத்து மட்டும் பாக்கி இருந்தது. அவளுக்கு வேறு வேலை தெரியாது. நேராக எழுதினால் அவள் எழுத்தை அவளாலேயே படிக்க முடியாது.

விசாரணை அறையில் தளபதிக்கு எதிரே செதுக்குபவளும் பதக்கம் வாங்கிய மற்ற ஆறு பேரும் நின்றார்கள். ஐந்து பேர் அதிகாரிகள். அவர்கள் பதக்கங்களும் ஒழுகி, கால்சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆறாமவன் கப்பல் சமையற்காரன், செதுக்குபவளின் தம்பி. வெள்ளம் புகுந்த இயந்திர அறைக்குள் மூன்று முறை இறங்கி நான்கு பேரை இழுத்து வந்தவன். அவன் சட்டை காய்ந்திருந்தது. பயமாக இருந்ததா என்று விசாரணையை நடத்திய குழுச் செயலாளர் கேட்டார்.

"பயமாவா? காலு ரெண்டும் வெலவெலத்துப் போச்சுங்க ஐயா. அழுதுக்கிட்டேதான் எறங்கினேன்."

"பாத்தீங்களா, நான் போட்ட எழுத்து இவனுக்குச் சரியாத்தான இருக்கு?" என்றாள் செதுக்குபவள். "மத்தவங்களும் உள்ளதைச் சொல்லிப் பாக்கட்டுமே."

"அக்கா, கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இரு" என்றான் தம்பி.

அதிகாரிகள் சுவரைப் பார்த்தபடி, பயந்ததை ஒவ்வொருவராக முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு பதக்கமாக ஒழுகுவது நின்றது. பிறகு எல்லோரும் தளபதியைப் பார்த்தார்கள்.

தளபதி கணக்குப் போட்டார். வாசகம் பிழை என்றால், பிழை சொன்ன வாயிலா கேட்ட காதிலா என்று பேச்சு வரும். பயந்தேன் என்றால் விழா உரை பொய்யாகும். எனவே தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வாசகம் தாம் ஆழ்ந்து சிந்தித்து அப்படியே சொன்னதுதான் என்று அறிவித்தார். பதக்கம் குழாய் உடைந்ததுபோல் பீய்ச்சியடித்தது. பணிநீக்கக் கடிதம் மேசையில் மிதந்து, மை கரைந்து, வெற்றுத் தாளாயிற்று.

"அப்ப நான் வேலைக்குப் போகலாமா ஐயா?"

அவர் தலையசைத்தார்.

"எழுதிக் குடுத்துருங்க. வாயால சொன்னா நான் திருத்திருவேன்."

எழுதிக் கொடுத்தார். அந்த வாசகத்தோடே இதுவரை முப்பத்தொரு பதக்கங்களை அவள் அடித்துத் தந்திருக்கிறாள். பெறுபவர்கள் பயந்ததை முதலில் சொல்லிவிட்டே நெஞ்சைக் காட்டுகிறார்கள். தளபதி மட்டும் ஓய்வுபெறும்வரை சொல்லவில்லை. அவர் அறையைத் தரைத்தளத்துக்கு மாற்றி, மூலையில் வடிகால் வைத்தார்கள். கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு போய், வாங்கிக்கொண்டு வந்தார்கள்.