பிரிசில்லா எழுதாத பக்கம்

அந்தப் போன் வந்தபோது பிரிசில்லா மதுராந்தகத்தில் தான் வேலை பார்க்கும் லேபில், ரத்த மாதிரி எடுத்த குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். தெரியாத எண். எடுத்ததும் ஒரு பெண் பெயர்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

“வலிப்பப் பத்தி எழுதுற மேடம் நீங்கதானே?”

“ஆமாம்மா, சொல்லுங்க.”

“நீங்க சொன்னீங்கன்னுதான் மாத்திரைய நிறுத்தினேன். எம்பொண்ணு இப்போ செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில கீறா, ஐசியுல. இன்னா பண்ணச் சொல்றீங்க இப்போ?”

பிரிசில்லா கையிலிருந்த குழாயை ஸ்டாண்டில் வைத்தாள்.

பிரிசில்லாவின் மகள் ஷாரோனுக்கு ஆறு வயதில் முதல் வலிப்பு வந்தது. கருங்குழியில், வீட்டு வாசலில், பட்டப்பகலில். ஓடிவந்தவர்களில் ஒருவர் பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் வாய்க்குள் ஸ்பூனை நுழைத்ததில் ஒரு பல் உடைந்தது. அதற்குப் பிறகு டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் பிரிசில்லா ஒரு பிளாக்கில் எழுத ஆரம்பித்தாள். எட்டு வருடமாக, கீழே தன் போன் எண்ணையும் போட்டு எழுதுகிறாள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடைசியில் சொன்னதை அவள் எழுதாத கட்டுரையே கிடையாது.

“நான் அப்படி எழுதவே மாட்டேன்மா. வேற எதையோ பாத்திருப்பீங்க.”

“உங்க போட்டோ கீது, உங்க பேரு கீது” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

பிரிசில்லா உடனே தன் தளத்தைத் திறந்து பார்த்தாள். எல்லாம் அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது. முதலில் நிம்மதி வந்தது, அதன் பின்னாலேயே கொஞ்சம் கோபமும் வந்தது. சரியாகப் படிக்காமல் என்மேல் பழி போடுகிறாளே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு பல நாள் வெட்கப்பட்டாள். ஆனாலும் உட்கார முடியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

ஐசியு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தவள் பூங்கொடி. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். வேலைக்குப் போட்ட யூனிபாரம் புடவையை இரண்டு நாளாக மாற்றவில்லை. உள்ளே படுத்திருந்தது அவள் மகள் வசுமதி, பதினோரு வயது. வலிப்பு நிற்காமல் முக்கால் மணி நேரம் இழுத்திருக்கிறது.

பிரிசில்லா தன் போனை நீட்டினாள். “பாருங்க, இதுல எங்க இருக்கு?”

பூங்கொடி அதை வாங்கவில்லை. தன் போனை எடுத்து, வாய்க்கு அருகே வைத்து, “வலிப்பு மாத்திரை நிறுத்தலாமா” என்று கூகுளிடம் கேட்டாள். முதலில் வந்தது பிரிசில்லாவின் தளம். தொட்டாள்.

மேலே பிரிசில்லாவின் படம், பெயர். கீழே ஒரு பொடி டப்பாவின் படம். ‘நாற்பது நாளில் வேரோடு குணம். ஆங்கில மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். என் மகளுக்குக் கொடுத்து அறிந்த உண்மை.’ அதற்கும் கீழே ஒரு வாட்ஸ்அப் எண்.

“வேற யாராவது சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன் மேடம்” என்றாள் பூங்கொடி. “ரெண்டு வருசமா நீங்க சொன்னதத்தான் கேட்டுகினு வர்றேன்.”

பிரிசில்லா படிக்கட்டுப் பக்கம் போய்த் தம்பி ஜெபசிங்கை அழைத்தாள். படூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. இந்தத் தளத்தை அமைத்துக் கொடுத்ததும் அவன்தான். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்தான்.

“அக்கா, உன் போன்ல அது தெரியாது. நீ எப்பவும் லாகின் பண்ணிகினு கீற. கூகுள்ல தேடி வர்றவங்களுக்கு மட்டும் காட்டுற மாதிரி வச்சிருக்கான். உனக்குத் தெரியக் கூடாதுன்னே.”

“யாருடா?”

“தெரியாது. உன்னத் தேடிகினு வந்திருக்க மாட்டான். எந்தத் தளம் தொறந்து கெடக்குன்னு பாத்துகினே போற கூட்டம் அது.” கொஞ்சம் தயங்கினான். “நீ அப்டேட்டே பண்ணலையாக்கா? பதினேழு நிக்குது. அந்த ஓட்டை வழியாத்தான் வந்திருப்பான்.”

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். தளத்துக்குள் போகும்போதெல்லாம் ஓரத்தில் சிவப்பாக ஒரு வட்டம், அதற்குள் எண். மூன்று, ஒன்பது, பதினேழு என்று கூடிக்கொண்டே வந்தது. தொட்டால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும் என்று பயந்து அவள் தொட்டதே இல்லை. பாஸ்வேர்டு மகளின் பெயரும் பிறந்த வருடமும். மெயிலுக்கும் அதேதான், துணிக்கடை ஆப்புக்கும் அதேதான்.

“உள்ள போய் மாத்தி எழுதுற உரிமையோட ரெண்டு அட்மின் காட்டுது. ஒண்ணு நீ. இன்னொண்ணு நாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருக்கு” என்றான் ஜெபசிங். பிறகு குரல் தாழ்ந்தது. “நானும் செஞ்சு குடுத்துட்டு அப்படியே வுட்டுட்டேன்க்கா.”

“இப்பவே மொத்தமா மூடு.”

“நகல் ஒண்ணும் எடுத்து வைக்கலையே. நீ எழுதினதெல்லாம் திரும்பக் கெடைக்குமான்னு சொல்ல முடியாது.”

“போனா போகட்டும். இந்த நிமிசம் இன்னொருத்தி அதப் படிச்சிகினு இருப்பாடா. மூடு.”

திரும்பி வந்து பூங்கொடியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். “அத நான் எழுதல. என் பேருல எவனோ எழுதியிருக்கான். ஆனா அவன் உள்ள வர்ற மாதிரி வச்சிருந்தது நான்தான்.”

“எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம். எம்பொண்ணு கண்ணு தொறக்கல.”

பிரிசில்லா கேட்டாள். “அந்தப் பொடியப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். “திட்டுவாங்கன்னு சொல்லல. வூட்டுக்காரருக்கும் தெரியாது.” டப்பா அவள் பைக்குள்ளேயே துணி சுற்றிக் கிடந்தது.

“எழுந்திருங்க. நானும் வர்றேன்.”

இருவரும் சேர்ந்து போய்ச் சொன்னார்கள். எந்தத் தேதியில் மாத்திரை நின்றது, எத்தனை வேளை பொடி கொடுத்தது, எல்லாம். டாக்டர் திட்டத்தான் செய்தார். பூங்கொடிக்கு விழுந்த திட்டில் பாதியைப் பிரிசில்லா, “என் தளத்துல படிச்சுதான் செஞ்சாங்க” என்று தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். டப்பாவைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு மருந்தை மாற்றினார்கள்.

மூன்றாம் நாள் வசுமதி கண் திறந்தாள். இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. சரியாகிவிடும் என்றார் டாக்டர், எப்போது என்று சொல்லவில்லை. பூங்கொடி அதன் பிறகு பிரிசில்லாவை அழைக்கவில்லை. பிரிசில்லா அழைத்தால் எடுத்து, “பரவால்ல” என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுவாள்.

சைபர் கிரைமில் புகார் கொடுத்தார்கள். அந்த வாட்ஸ்அப் எண் அதற்குள் அணைந்துபோயிருந்தது.

ஜெபசிங் நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். கட்டுரைகளில் பாதிதான் மீண்டது. மெயிலுக்கும் தளத்துக்கும் வேறு வேறு நீளமான பாஸ்வேர்டு வைத்தார்கள். உள்ளே நுழையும்போதெல்லாம் போனுக்கு எண் வரும்படி செய்தான். அப்டேட்டை அவளையே அழுத்தச் சொன்னான். அழுத்தினாள். எதுவும் அழியவில்லை. வட்டம் மறைந்ததைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கு எடுத்தது இரண்டு நிமிடம்.

தளம் திறந்த அன்று முதல் பக்கத்தில் நடந்ததை எழுதினாள். ஜெபசிங்குக்கு அதில் இஷ்டமில்லை.

“இதப் போட்டா இனிமே யாரும் உன்ன நம்ப மாட்டாங்கக்கா.”

“என்ன நம்ப வேணாம். மாத்திரை போட்டா போதும்.”

அந்தப் பொடிப் பக்கத்தை அறுநூற்றுச் சொச்சம் போன்களில் திறந்திருந்தார்கள் என்று கணக்குக் காட்டியது. அவர்களில் யார் யாரென்று தெரிந்துகொள்ள வழியில்லை. பழைய கட்டுரைகளுக்குக் கீழே கருத்தோடு தங்கள் போன் எண்ணையும் எழுதிவிட்டுப் போனவர்கள் மட்டும் இருபத்து மூன்று பேர். லேப் முடிந்ததும் சாயங்காலத்தில் ஒவ்வொருவராக அழைத்தாள். பலர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒருத்தி அழுதுகொண்டே, நாளைக்கே டாக்டரிடம் போவதாகச் சொன்னாள்.

மற்றவர் திருக்கழுக்குன்றத்துக்காரர். மகனுக்குப் பொடி கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“அன்னிக்கும் பிரிசில்லான்னுதான் போட்டிருந்துச்சு” என்றார். “இன்னிக்கும் பிரிசில்லான்னுதான் சொல்றீங்க. எத நம்புறது?”



“என்ன நம்பாதீங்கய்யா. பையனைப் பாக்குற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டா போதும்.”

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். மறுநாள் அவள் அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாளும் அழைத்தாள்.