பெட்டியைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள்

"விசா ரெண்டு பேருக்கும் வந்துருச்சுங்க. டிக்கெட் ரெண்டு போடச் சொல்லட்டா?"

"நான் எதுக்கு? மாப்பிள்ளை காசுல ஊர் சுத்தவா? நீ போயிட்டு வா, கிளாரா."

இரண்டு மாதத்துக்கு முன் நடந்த இந்தப் பேச்சைக் கிளாரிசா மறக்கவில்லை. நெதர்லாந்தில் இருக்கும் மகள் ஜெனிபரிடம் தனக்கு மட்டும் டிக்கெட் போடச் சொல்லிவிட்டாள். வெளிநாட்டுக்கு இதுதான் முதல் தடவை. தனியாகப் போக அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. கணவர் மனுவேல் கூட வந்தால் போதும், எந்த ஊருக்கும் போய்விடுவாள். ஆனால் ஒரு தடவை கேட்டு 'மாட்டேன்' வாங்கியாயிற்று. மறுபடி எப்படிக் கேட்பது?

மனுவேலோ வாய் திறந்து எதையும் கேட்கிற ஆளே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து, இன்னொரு காபி வேண்டுமென்றால் காலி டம்ளரை அவள் பக்கம் லேசாக நகர்த்துவார். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர், டிக்கெட் வந்த நாளிலிருந்து யோசனைகளாகப் பொழிந்தார். பல் தேய்க்கும்போதுகூட அவர் போனில் பயண வீடியோ ஓடியது.

"பாஸ்போர்ட் ஜெராக்ஸை வேற பையில வை. மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில. ஊறுகாயை மட்டும் கைப்பையில வெச்சே, எண்ணெய்னு சொல்லி ஏர்போர்ட்லயே பிடுங்கிருவான்."

"சரிங்க."

"ஒருத்தர் பாத்ரூம் போனா இன்னொருத்தர் பெட்டிகிட்ட நிக்கணும்."

"சரிங்க."

"அங்க ரயில் ஏறும்போதும் கார்டைத் தட்டணும், இறங்கும்போதும் தட்டணும். கூட்டத்துல பிரிஞ்சுட்டா, முன்னாடி போனவங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நிக்கணும். சிவப்பு ரோடு சைக்கிளுக்கு. ஒருத்தர் மேப்பைப் பார்த்தா இன்னொருத்தர் சைக்கிளைப் பார்க்கணும்."

பீன்ஸ் அரிந்துகொண்டிருந்த கிளாரிசா நிமிர்ந்தாள். தனியாகப் போகிறவளுக்கு ஏது இன்னொருத்தர்? கேட்கவில்லை. சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

"முக்கியமா, துணியை ஒரே பெட்டியில அடைக்காதே. பாதி பாதியா ரெண்டு பெட்டியில. ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும் பாரு."

இந்த யோசனை மட்டும் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஜெனிபர் கூப்பிட்டாள். "அதே ஃப்ளைட்ல ஒரு சீட் இருக்கும்மா. இன்னிக்குச் சொன்னாத்தான் கிடைக்கும். அப்பா வாயைத் திறப்பாரா?"

"பார்ப்போம்" என்றாள் கிளாரிசா.

அவர்கள் குடியிருக்கும் விஷ்ராந்த்வாடி அடுக்குமாடி சொசைட்டியில் யார் வெளிநாடு போனாலும், பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடையில்தான் பெட்டியை எடை போடுவார்கள். அன்று சாயங்காலம் ஆட்டோவில் ஏறும்போதே மனுவேல் ஆரம்பித்தார்.

"அவன் தராசு ரெண்டு கிலோ குறைச்சுத்தான் காட்டும். பேப்பர் வாங்கற தராசாச்சே! கூட்டிக்கணும். ஆமா, ஒரு டிக்கெட்டுக்கு எதுக்கு ரெண்டு பெட்டி?"

"நீங்கதானே சொன்னீங்க, பாதி பாதின்னு."

அவர் ஆட்டோவுக்கு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

முதல் பெட்டி இருபத்தாறு காட்டியது. "குறையற ரெண்டு கிலோவைச் சேர்த்தா இருபத்தெட்டு. அனுமதி இருபத்துமூணுதான். ஊறுகாயை அதுல மாத்து" என்று இரண்டாவது பெட்டியைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். மேலாக அவருடைய பழுப்பு ஸ்வெட்டர். பக்கத்தில் லுங்கி, ஷேவிங் செட். அடியில் கிளாரிசாவின் புடவைகள் பாதி.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஆன்ட்டி, தூஸ்ரா பேசஞ்சர் கோன் ஹை?"

"இன்னொரு பயணி யாருன்னு கேக்கறாரு. சொல்லுங்க."

மனுவேல் ஸ்வெட்டரை எடுத்தார். உதறினார். ஒழுங்காக மடித்துத் திரும்ப உள்ளேயே வைத்தார். பெட்டியை மூடி, அவள் பக்கம் லேசாக நகர்த்தினார்.

"இது என்ன காபி டம்ளரா? நகர்த்தினா எனக்குப் புரியாது. வாயைத் திறந்து சொல்லுங்க."

அவர் ஏதோ முணுமுணுத்தார். கடைக்குள் யாரோ தகர டப்பாக்களை நசுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கல" என்றாள். அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

மனுவேல் கடைக்காரரைப் பார்த்தார், ஆட்டோக்காரரைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"என்னையும் கூட்டிட்டுப் போ, கிளாரா!"